காரின் பெயரைச் சொல்லாதீர்கள், ஃபியூஸைக் காட்டுங்கள்

சனிக்கிழமை காலை. அம்பத்தூர் எம்.டி.எச். ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கவுன்ட்டரில் எனக்குப் பக்கத்தில் ஒரு பையன். பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கலாம். விரலிடுக்கில் கிரீஸ் காயவில்லை.

“அண்ணே, அம்பாசிடருக்கு 35 ஆம்ப்ஸ் ஃபியூஸ் ரெண்டு குடுங்க.”

“எந்த 35 தம்பி?”

“35 ஆம்ப்ஸ்ணே. கிளாஸ் ஃபியூஸ்.”

“பழசு எங்க?”

பழசு பட்டறையிலேயே கிடந்தது. கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. “போய் எடுத்துட்டு வாப்பா. அரை மணி நேரம் போனா போவுது. தப்பா குடுத்துட்டா ஒயரிங் போயிடும்” என்றார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த அரை மணி நேரம் ஒரு காரின் ஒயரிங்கைக் காப்பாற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது அந்த ஃபியூஸ் உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதிதான், 17 ஆம்ப்ஸ் சொச்சம். இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அமெரிக்க முறைக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், அது தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்று, பொருள் இரண்டு. பழைய 35-க்குப் பதிலாகப் புது 35-ஐப் போட்டால் பாதுகாப்பு பாதியாகக் குறைந்துவிடும். ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் அப்படியே நிற்கும், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் உருகும். அந்த இடத்துக்கு இன்றைய கணக்கில் 15 அல்லது 20 ஆம்ப்ஸ்தான் சரி. நீளத்திலும் வித்தியாசம் உண்டு. லூகாஸ் 29 மில்லிமீட்டர், மற்றது 32. கிளிப்பை விரித்து நுழைத்துவிடலாம் என்பதால்தான் இந்தத் தவறு இத்தனை ஆண்டுகளாக நடந்துகொண்டே இருக்கிறது.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்கும், ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டுரை. பழைய கார்களுக்கு ஃபியூஸ், ரிலே, ஃபியூசிபிள் லிங்க் தேடுவது தனித் திறமை. அதைக் கற்றவருக்கு நம் சென்னையின் மேற்குப் பக்கத்தில் வேலைப் பஞ்சமே வராது.

காரணம் ஊரின் அமைப்பு. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-இலிருந்து இருக்கிறது. திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. அதே ஆண்டு பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. ஆவடியில் டாங்க் ஃபாக்டரி, அம்பத்தூரில் எஸ்டேட். இங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் வாங்கிய முதல் காரை எளிதில் விடுவதில்லை. இருபது, இருபத்தைந்து வயதுக் கார்கள் இன்னமும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வருகின்றன. சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. அந்த நேரத்தில் லைட், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்தாக வேண்டும். பெரிய சர்வீஸ் சென்டரில் பழைய வண்டியை எடுக்கத் தயங்குவார்கள். அந்த வண்டிகள் உங்களிடம்தான் வரும்.

வண்டியைச் செய்த கம்பெனியே இல்லையே, சாமான் எப்படிக் கிடைக்கும் என்று பலர் தொடக்கத்திலேயே சோர்ந்து போகிறார்கள். அம்பாசிடர் 2014 மே மாதத்தில் நின்றது. மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியில். செவர்லே, ஓப்பல் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இத்தனை நடந்த பிறகும் இவற்றில் ஒன்றுக்குக்கூட ஃபியூஸ் கிடைக்காமல் போகவில்லை. கார் கம்பெனி ஃபியூஸைச் செய்வதில்லை. ஃபியூஸ் உலகப் பொது அளவில் வரும் பொருள். ஆகவே கடையில் போய்க் காரின் பெயரைச் சொல்லி நிற்காதீர்கள். ஃபியூஸின் வகை, அளவு, ஆம்ப்ஸ் மூன்றையும் சொல்லுங்கள். “ஓப்பல் கோர்சா ஃபியூஸ் இருக்கா?” என்றால் பத்துக் கடையிலும் இல்லை என்பார்கள். “மினி பிளேடு 15” என்றால் முதல் கடையிலேயே கிடைக்கும்.

நாலு ஜாதி, நாலு கணக்கு

அம்பாசிடர் ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. அந்தக் கால ஆங்கிலேய ஒயரிங்கில் வண்டி முழுக்க இரண்டே ஃபியூஸ் இருக்கும், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இருக்காது. லூகாஸ் ஒயர் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சம்பளத்துக்குச் சமம். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃபியூஸ் இல்லை. வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, அதற்கும் ஃபியூஸ் இல்லை. பச்சை சாவிக்குப் பின், ஃபியூஸ் வழியாக. ஊதா எப்போதும் கரன்ட் உள்ளது, ஃபியூஸ் வழியாக. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கறுப்பு எர்த். நாற்பது வயது அம்பாசிடரில் நடுவில் யார் யாரோ ஒயர் மாற்றியிருப்பார்கள். ஆனாலும் அடிப்படை தெரிந்தால் தேடும் நேரம் பாதியாகும்.

பிரீமியர் பத்மினி ஃபியட் வழி. அதில் இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் பீங்கான் ஃபியூஸ், 6-க்கு 25 மில்லிமீட்டர். பீங்கானின் மேல் உலோகப் பட்டை வெளியே தெரியும். வெள்ளை 8 ஆம்ப்ஸ், சிவப்பு 16, நீலம் 25, மஞ்சள் 5.

பிளேடு ஃபியூஸ் 1976-இல் அமெரிக்காவில் லிட்டல்ஃபியூஸ் கம்பெனி கொண்டுவந்தது. இன்று எல்லா வண்டியிலும் அதுதான். பிரவுன் 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. ரெகுலர் சைஸின் அகலம் 19 மில்லிமீட்டர், மினி 11. நிறம் இரண்டுக்கும் ஒன்றே.

நாலாவதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ஜப்பானிய, கொரிய வண்டிகளின் போனட்டுக்குள் இருக்கும் சதுரப் பெட்டி போன்ற பெரிய ஃபியூஸ். மேலே கண்ணாடி போன்ற மூடி. இதற்கு நிறக் கணக்கே வேறு. 30 ரோஸ், 40 பச்சை, 50 சிவப்பு, 60 மஞ்சள். பிளேடில் பச்சை என்றால் 30, இதில் பச்சை என்றால் 40. பிளேடில் சிவப்பு 10, பீங்கானில் 16, இதில் 50. நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். எண்ணைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் லென்ஸ் வாங்குங்கள்.

இந்தப் பெரிய ஃபியூஸில் இன்னொரு விஷயமும் உண்டு. சிலவற்றைப் பிளேடு போல இழுத்து எடுக்கலாம். சிலவற்றில் பெட்டிக்கு அடியில் இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கும். அது தெரியாமல் பிளையரால் பிடித்து இழுத்து, தலை கையோடு வந்து, கால் உள்ளேயே நின்றுபோன வண்டிகள் வாரம் ஒன்றாவது பட்டறைக்கு வருகின்றன. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். ஸ்குரூ இருந்தால் கழற்றிவிட்டு எடுங்கள்.

சாக்கெட்டில் இருப்பதை நம்பாதீர்கள்

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் முதல் நாள் சொல்வது இதுதான். போன ஃபியூஸ் 30 என்றால் 30 வாங்கிப் போடுவது வேலை ஆகாது. உங்களுக்கு முன்னால் ஒருவர், 15 அடிக்கடி போகிறது என்று 30-ஐச் செருகியிருக்கலாம். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறம் அச்சிட்ட படம் இருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்திலும் இருக்கும். அதில் உள்ள எண்தான் சட்டம்.

மூடி தொலைந்து, புத்தகமும் இல்லை என்றால் கணக்குப் போடுங்கள். எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்றில் ஹை பீம் 60 வாட். இரண்டு பல்பு 120. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்ப்ஸ். ஃபியூஸில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து லோடு கொடுக்கக் கூடாது. ஆகவே 15. இப்போது வண்டிக்காரர் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 பல்பு போட்டிருக்கிறார் என்று வையுங்கள். 200 வாட், கிட்டத்தட்ட 17 ஆம்ப்ஸ். 15 போகத்தான் செய்யும். அவர் “25 போட்டு விடுப்பா” என்பார். மாட்டேன் என்று சொல்லுங்கள். அந்த ஒயர் 25-க்குச் செய்தது இல்லை. பழைய பல்புக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த ஒயர் போட்டுச் செய்ய வேண்டும்.

ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் என்றால் 10 ஆம்ப்ஸ், 1.5 என்றால் 15, 2.5 என்றால் 20 என்று அடக்கமாக வைத்துக்கொண்டால் வண்டியும் நீங்களும் நிம்மதியாக இருக்கலாம்.

செத்த ஃபியூஸ் பேசவும் செய்யும். கண்ணாடி உள்ளே கருத்து, ஆவி படிந்ததுபோல் இருந்தால் நேரடி ஷார்ட். புது ஃபியூஸ் போட்டாலும் அந்த நிமிடமே போகும். முதலில் ஒயரில் தேய்ந்த இடத்தையோ எலி கடித்த இடத்தையோ கண்டுபிடியுங்கள். கம்பி நடுவில் மட்டும் மெல்ல உருகி விட்டிருந்தால் ஓவர்லோடு. கம்பி அப்படியே இருந்து, பிளாஸ்டிக் மட்டும் ஒரு காலின் பக்கம் உருகியிருந்தால் குற்றம் ஃபியூஸுடையதே அல்ல. சாக்கெட் டெர்மினல் பிடி தளர்ந்து சூடாகியிருக்கிறது. அதை மாற்றாமல் பத்து ஃபியூஸ் போட்டாலும் பத்தும் உருகும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஃபியூஸ் பளபளவென்று இருக்கும், சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு.

எங்கே போவது

பிளேடு ஃபியூஸ், நாலு கால், ஐந்து கால் ரிலே எல்லாம் அம்பத்தூர், ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு கடைகளிலேயே கிடைக்கும். ரிலே வாங்கும்போது கால்களின் எண்ணைப் பாருங்கள். 30 உள்ளே வரும் கரன்ட், 87 வெளியே போவது, 85-உம் 86-உம் காயில். 87ஏ இருந்தால் ஐந்து கால். உள்ளே டயோடு உள்ள ரிலேயில் 85, 86 மாறக் கூடாது. ஜப்பானிய ரிலேக்களில் சிலவற்றுக்குக் கால்கள் நிற்கும் இடமே வேறு. உடம்பு ஒரே அளவில் இருந்தாலும் மேலே அச்சிட்ட சின்னப் படத்தை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கூம்பு முனை பீங்கான் ஃபியூஸ், லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ், பெரிய சதுர ஃபியூஸ் உள்ளூரில் இல்லையென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய சாமான் வைத்திருக்கும் கடைக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். மத்தியானக் கூட்டத்தில் போகாதீர்கள். காலையில் கடை திறந்ததும் போய், மாதிரியைக் கவுன்ட்டரில் வைத்துப் பொறுமையாகக் கேளுங்கள்.

கார் கம்பெனிக்கே உரிய சாமான் ஃபியூஸ் பாக்ஸ்தான். அதன் மூடி, சாக்கெட், கப்ளர், ஒயரோடு கூடிய டெர்மினல், இவை புதிதாக வராது. அதற்குப் புதுப்பேட்டை. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பக்கம்தான். வண்டி பிரிக்கும் இடத்தில் பாக்ஸை ஒயர் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டினால் ஜாயின்ட் போட இடம் இருக்காது. பாக்ஸ் பழசு வாங்கலாம். ஃபியூஸ் பழசு வாங்கக் கூடாது. எத்தனை முறை சூடேறித் தளர்ந்தது என்று கண்ணால் தெரியாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கண்ணாடி ஃபியூஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே அதிகம் கிடைப்பது வீட்டுச் சாதனத்துக்கான 20 மில்லிமீட்டர் ஃபியூஸ். கார் கிளிப்பில் அது நிற்காது.

எங்கே வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். சந்தையில் டூப்ளிகேட் ஃபியூஸ் நிறைய இருக்கிறது. 10 என்று அச்சு இருக்கும், 25 ஓடினாலும் போகாது. உலகத் தர விதிப்படி பிளேடு ஃபியூஸ், தன் அளவைப்போல் இரண்டு மடங்கு கரன்ட் ஓடினால் 5 விநாடிக்குள் உருக வேண்டும். புதுப் பாக்கெட் வாங்கினால் அதிலிருந்து ஒரு 10 ஆம்ப்ஸை எடுங்கள். இரண்டு எச்4 பல்புகளின் இரண்டு இழையையும் சேர்த்து எரியவிட்டால் ஏறக்குறைய 19 ஆம்ப்ஸ் இழுக்கும். தடித்த ஒயரில், நல்ல பேட்டரியில், அந்த ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள். பக்கத்தில் பெட்ரோலோ துணியோ இருக்கக் கூடாது. சில விநாடிகளில் போனால் பாக்கெட் நல்லது. பல்பு நின்று எரிந்துகொண்டே இருந்தால் பாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஒயர் போலவே இருக்கும் ஃபியூஸ்

பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரி பாசிட்டிவ் பக்கத்தில் ஒரு துண்டு ஒயர், இரண்டு பக்கமும் ஜாயின்ட்டோடு இருக்கும். ஏதோ ரிப்பேர் செய்த ஒயர் என்று எண்ணி வெட்டிவிட்டு நேராகச் சேர்த்துவிடுவார்கள். அதுதான் ஃபியூசிபிள் லிங்க். வண்டியின் மொத்த ஒயரிங்குக்கும் கடைசிக் காவல். மேலே உள்ள உறை தீப்பிடிக்காத தனி ரகம். இழுத்துப் பார்த்தால் ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி உருகிவிட்டது என்று பொருள்.

மாற்றும்போது காக்க வேண்டிய ஒயரைவிட நாலு கேஜ் மெலிந்த லிங்க் போடுங்கள். அமெரிக்கக் கேஜ் கணக்கில் ஒயர் 10 என்றால் லிங்க் 14. நீளம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். சாதாரண பிவிசி ஒயரை அந்த இடத்தில் ஒருநாளும் போடாதீர்கள். உருகும்போது அது எரியும். லிங்க் ஒயர் கிடைக்கவே இல்லை என்றால் மூடியுள்ள மேக்ஸி (பெரிய பிளேடு) ஃபியூஸ் ஹோல்டர் நல்ல மாற்று. ஆல்டர்னேட்டர் அளவையும் ஒயர் தடிப்பையும் பார்த்து ஆம்ப்ஸைத் தீர்மானியுங்கள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழில் கற்ற புதிதில், திருமழிசை தாண்டி மழை இரவில் நின்றுபோன ஒரு பத்மினிக்குப் போனேன். கையில் பீங்கான் ஃபியூஸ் இல்லை. போனதன் மேலேயே செப்பு இழை சுற்றி ஓடவிட்டேன். “காலைல பட்டறைக்குக் கொண்டாங்க சார், மாத்திடலாம்” என்றேன். வண்டிதான் ஓடுகிறதே என்று அவர் வரவில்லை. நானும் போன் செய்து நினைவுபடுத்தவில்லை. மூன்றாவது வாரம் டாஷ்போர்டு அடியில் புகை. வண்டியில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹார்னஸ் முழுவதும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. தவறு என்னுடையது. கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து என் பைக் டிக்கியில் ஒரு சோப்பு டப்பா இருக்கிறது. நாலு ஜாதி ஃபியூஸிலும் ஒவ்வொரு ஆம்ப்ஸுக்கும் இரண்டு. விலை பெரிதல்ல.

கூலியும் பெயரும்

ஃபியூஸ் விலை சில ரூபாய். அதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள். இந்தக் கணக்கை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லாததால்தான் நம் ஆட்கள் நஷ்டப்படுகிறார்கள். “சார், ஏன் போச்சுன்னு பார்க்கிறதுக்குக் கூலி இவ்வளவு, சாமானுக்குத் தனி பில்” என்று வேலையைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். சாமானில் மறைத்துக் கூலி வாங்காதீர்கள். பத்து ரூபாய் ஃபியூஸை முந்நூறு என்று எழுதினால் அடுத்த கடையில் விலை கேட்ட அன்றே உங்கள் பெயர் போய்விடும்.

ஒரு நோட்டு போடுங்கள். வண்டி மாடல், ஆண்டு, எந்த இடத்தில் எந்த வகை, எத்தனை ஆம்ப்ஸ், எந்தக் கடையில் கிடைத்தது. ஃபியூஸ் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் மூடியின் உட்புறத்தை போனில் படம் எடுங்கள். இரண்டு ஆண்டில் உங்களிடம் இருக்கும் படங்கள் வேறு எவரிடமும் இருக்காது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் உங்களைக் கேட்டுத்தான் கடைக்குப் போவார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கு வேலையும் அனுப்புவார்கள்.

பத்தாவது முடித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஐடிஐயில் மோட்டார் வண்டி மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. அம்பத்தூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. அதில் சேருங்கள். சர்க்யூட் படம் படிக்க அங்கே ஒழுங்காகக் கற்கலாம். பட்டறையில் கை பழகும், படம் படிக்கச் சொல்லித்தர ஆசானுக்கு நேரம் இருப்பதில்லை. ஒரு நல்ல மல்டிமீட்டரும், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பும், ஃபியூஸ் இழுக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமைப் பையன் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். பழைய ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்து அவனையே படிக்கச் சொன்னார் கடைக்காரர். பிறகு இரண்டு 15 ஆம்ப்ஸ் எடுத்துக் கொடுத்தார். பழையதை அவன் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு போனான். நீங்களும் நாளைக்குக் கடைக்குப் போகும்போது பழசைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.